சாராயத்தை அளந்த டாக்டர்

1/
2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சவங்க அடுத்தடுத்து இறந்துக்கிட்டிருந்த வாரம். கடைசியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போச்சு. நான் வேலை பார்க்கிறது வேற ஊர் அரசு மருத்துவமனை. ஆனாலும் அந்த வாரம் எந்த வார்டுல நின்னாலும் பேச்சு அதுதான்.

நைட் டியூட்டி. எங்க வார்டு உதவியாளர் அண்ணன் ஒருத்தர், இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஊர்ல பால் சொசைட்டியில இருந்தவர். டீயைக் கையில வச்சுக்கிட்டே கேட்டார்.

"சார், சொசைட்டியில பால்ல லாக்டோமீட்டர் விட்டா தண்ணி கலந்திருக்கான்னு காட்டிடும். சாராயத்துக்கும் அதே மாதிரி ஒரு குழாய் இருக்குல்ல? அதை விட்டுப் பார்த்தா விஷம்னு தெரியாதா?"

"தெரியாதுண்ணே."

"ஏன் சார்?"

நல்ல கேள்வி. சட்டுனு பதில் சொல்ல வரல. அதுக்கப்புறம் தேடிப் படிச்சதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். இதுல ஒரு டாக்டர் வர்றார், வரி வசூல் வர்றது, கடைசியில் நம்ம ஐசியு வரைக்கும் வரும். பொறுமையா வாங்க.

2/
முதல்ல அந்தக் குழாய் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம்.

ஒரு பொருள் திரவத்துல மிதக்கும்போது, தன் எடைக்குச் சமமான எடை திரவத்தை விலக்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது. கனமான திரவம்னா கொஞ்சம் விலக்கினாலே போதும், குழாய் உயர மிதக்கும். லேசான திரவம்னா நிறைய விலக்கணும், குழாய் ஆழமா இறங்கும். குழாயோட கழுத்துல கோடு போட்டு வச்சா அடர்த்தியை நேரடியாப் படிச்சிடலாம். இதுதான் திரவமானி. ஹைட்ரோமீட்டர்.

பழைய சரக்கு இது. கி.பி. 400ஐ ஒட்டிய காலத்துல சினேசியஸ் என்பவர், அலெக்சாண்ட்ரியாவில் இருந்த தன் ஆசிரியை, கணித அறிஞர் ஹைபேஷியாவுக்குக் கடிதம் எழுதுறார். நேரம் சரியில்லை, எனக்கு இப்படி ஒரு கருவி தேவைப்படுது, செஞ்சு அனுப்புங்கன்னு கேட்கிறார். புல்லாங்குழல் அளவு குழாய், பக்கத்துல கோடுகள், நிமிர்ந்து நிக்க அடியில ஒரு எடைன்னு வர்ணனையும் கொடுக்கிறார். இன்னைக்கு லாக்டோமீட்டரைப் பார்க்கிற யாரும் இதை அடையாளம் கண்டுபிடிச்சிடுவாங்க.

நாங்களும் எம்பிபிஎஸ் முதல் வருஷம் இதோட தம்பியைப் பிடிச்சிருக்கோம். யூரினோமீட்டர். சிறுநீரோட ஒப்படர்த்தி பார்க்க.

3/
இந்தக் குழாய்க்கு ராஜ யோகம் வந்தது அறிவியலால இல்ல. வரியால.

இங்கிலாந்து அரசாங்கத்துக்குச் சாராய வரி பெரிய வருமானம். ஆனா ஒரு பீப்பாய் சாராயம்னா என்ன? பாதி தண்ணியா, முக்கால் தண்ணியா? அளவை வச்சு மட்டும் வரி போட்டா, வியாபாரி அடர்த்தியான ஸ்பிரிட்டாக் கணக்குல காட்டிட்டு, பிறகு தண்ணி ஊத்திப் பெருக்கிக்கலாம். அதனால உள்ளே எவ்வளவு ஆல்கஹால் இருக்குன்னு தெரியணும்.

ஆரம்ப காலச் சோதனையா ஒரு கதை சொல்வாங்க. வெடிமருந்துல சாராயத்தை ஊத்திப் பத்த வைக்கிறது. வெடிமருந்து எரிஞ்சா "நிரூபணம்" ஆச்சு. தண்ணி அதிகமா இருந்தா மருந்து நனைஞ்சு எரியாது. "ப்ரூஃப்" என்ற வார்த்தை இப்படித்தான் வந்ததுன்னு சொல்வாங்க. கேட்க நல்லா இருக்கும். ஆனா கோடிக்கணக்குல வரி வாங்க இது போதுமா? நெருப்புக்கு வெயில் ஒண்ணு, மழை ஒண்ணு.

18ஆம் நூற்றாண்டுல கிளார்க் என்பவரோட திரவமானியை வரி அதிகாரிகள் கையில் எடுத்தாங்க. ஆனா வியாபாரிக்கும் அதிகாரிக்கும் சண்டை நிக்கல. காரணம், ஆல்கஹாலும் தண்ணியும் சேர்ந்தா நடக்கிற ஒரு குசும்பு.

4/
வீட்டுலயே யோசிச்சுப் பாருங்க. ஒரு படி கொண்டைக்கடலை, ஒரு படி கடுகு. ரெண்டையும் கலந்தா ரெண்டு படி வருமா? வராது. கடலை இடுக்குல கடுகு போய் உட்கார்ந்துக்கும்.

50 மில்லி தூய எத்தனாலோட 50 மில்லி தண்ணி கலந்தா 100 மில்லி வராது. 96, 97 மில்லிக்குள்ளதான் வரும். மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு நெருங்கி உட்கார்ந்துக்கும். இதுல கடலை கடுகைவிடச் சிக்கல் என்னன்னா, எந்த விகிதத்துல கலக்கிறோமோ அதைப் பொறுத்துச் சுருக்கமும் மாறும்.

அதாவது தண்ணியோட அடர்த்தியும் தெரியும், ஆல்கஹாலோட அடர்த்தியும் தெரியும், கலவைக்குச் சராசரி போட்டுக்கலாம்னு கணக்கு போட முடியாது. ஒவ்வொரு கலவையையும் தனித்தனியாக் கலந்து, தனித்தனியா அளந்துதான் ஆகணும்.

இதுல வெப்பநிலை வேற. ஆல்கஹால் சூட்டுல நல்லா விரியும். காலையில் அளந்தா ஒரு எண். மதியம் வெயிலேறி அளந்தா இன்னொரு எண். ஒரே பீப்பாய்க்கு ரெண்டு வரி!

5/
இங்கதான் நம்ம ஹீரோ வர்றார். சார்லஸ் பிளாக்டன். 1748ல் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படிச்சு 1768ல் எம்.டி. வாங்கினவர். பிரிட்டிஷ் ராணுவத்துல மருத்துவரா இருந்தவர்.

இவரோட பழைய சாகசம் ஒண்ணு சொல்லியே ஆகணும். 1774ல் ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற இன்னொரு டாக்டரோட சேர்ந்து, அடுப்பு மூட்டிச் சூடேத்தின அறைக்குள்ள போய் உட்கார்ந்தார். அந்தச் சோதனைகள்ல சூடு தண்ணி கொதிக்கிற அளவையும் தாண்டிப் போச்சு. உள்ளே வச்ச முட்டையும் இறைச்சியும் வெந்துடுச்சு. மனுஷன் நடந்து வெளியே வந்தார். வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும், வெளிச் சூடு ஏறினாலும் உடல் வெப்பநிலை பெரிசா ஏறாதுன்னு காட்டின பரிசோதனை. இன்னைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அனுமதி தராது.

1784ல் ராயல் சொசைட்டியோட செயலாளர் ஆனார். அங்கே இருக்கும்போதுதான் அரசாங்கம் சொசைட்டியோட தலைவர் ஜோசப் பேங்க்ஸ்கிட்ட கேட்டது: சாராய வரியை எப்படி நியாயமா அளக்கிறது?

பேங்க்ஸ் அந்த வேலையை ஒப்படைச்சது இந்த டாக்டர்கிட்ட.

6/
பிளாக்டன் எடுத்த முடிவு ரொம்ப எளிமை. ரொம்பச் சலிப்பூட்டும் வேலையும் கூட. மிதக்கிற குழாயை நம்பாதே. எடை போடு.

ஒரு கண்ணாடிக் குப்பி. அதுல கழுத்துக் கோடு வரைக்கும் தண்ணி நிரப்பி எடை. அதே குப்பியில அதே கோடு வரைக்கும் கலவையை நிரப்பி எடை. ரெண்டையும் வகுத்தா ஒப்படர்த்தி. இதையே ஒவ்வொரு கலவைக்கும், ஒவ்வொரு வெப்பநிலைக்கும் திரும்பத் திரும்பச் செய்யணும். கலவையையும் அளந்து ஊத்தல, எடை போட்டுத்தான் கலந்தாங்க. ஏன்னா கன அளவு ஏமாத்தும், எடை ஏமாத்தாது.

1790ல் பிளாக்டனோட அறிக்கை வந்தது. சோதனைகளை மறுபடி பொறுமையாச் செஞ்சு முடிச்சவர் ஜார்ஜ் கில்பின். ராயல் சொசைட்டியில எழுத்தர் வேலை. 1794ல் அவரோட அட்டவணைகள் வெளிவந்தன. பக்கம் பக்கமா எண்கள். திரவக் கலவை ஒண்ணை இவ்வளவு நுணுக்கமா யாராவது அளந்திருந்தா அது அதுவரைக்கும் அபூர்வம்.

ஊர் பேர் தெரியாம ஒரு எழுத்தர் குப்பியைத் துடைச்சு, நிரப்பி, எடை போட்டு, எழுதி, மறுபடி துடைச்சு... நம்ம லேப் டெக்னீஷியன்கள் ஞாபகத்துக்கு வந்தாங்க.

7/
அந்த எண்களுக்கு அப்புறம் கருவி நம்பகமாச்சு. வரித்துறையில இருந்த பார்த்தலோமியூ சைக்ஸ் வடிவமைச்ச திரவமானியை 1816ல் பிரிட்டிஷ் சட்டம் ஏத்துக்கிச்சு. "ப்ரூஃப்" என்பதுக்கும் விளக்கம் வந்தது. வெடிமருந்து போய் எடை வந்தது. 51 டிகிரி ஃபாரன்ஹீட்ல, அதே அளவு தண்ணியோட எடையில 13ல் 12 பங்கு எடை இருக்கிற ஸ்பிரிட்தான் ப்ரூஃப் ஸ்பிரிட். இன்றைய கணக்குல சுமார் 57.1% ஆல்கஹால்.

இது எங்கேயோ லண்டன் கதைன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர் பிராந்தி, விஸ்கி பாட்டில் லேபிளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். 42.8%, 75 டிகிரி ப்ரூஃப்னு போட்டிருக்கும். அது என்ன 42.8? ஏன் 40ம் இல்ல 45ம் இல்ல? 57.1ல் முக்கால் பங்கு போட்டுப் பாருங்க. 42.8.

பிரிட்டனே 1980ல் சைக்ஸ் முறையைக் கைவிட்டுடுச்சு. 1816ல் போட்ட கோடு நம்ம ஊர் லேபிள்ல இன்னும் இருக்கு.

8/
இப்ப வில்லன்.

1661ல் ராபர்ட் பாயில், மரத்தைக் காத்து படாமச் சூடேத்தி வடிச்சப்போ ஒரு திரவம் கிடைச்சதுன்னு எழுதினார். பின்னாடி அதுக்கு மர ஸ்பிரிட்னு பேர். 1834ல் பிரான்ஸ்ல தூமாவும் பெலிகோவும் அதோட வேதி அமைப்பைக் கண்டுபிடிச்சாங்க. அதுதான் மெத்தனால். எத்தனாலோட கூடப் பிறந்த தம்பி மாதிரி. ஒரு கார்பன் கம்மி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சாராயத்துக்குள்ள முதல்ல வேணும்னே சேர்த்தது யார் தெரியுமா? கள்ளச்சாராய வியாபாரி இல்ல. அரசாங்கம்.

தொழிற்சாலைகளுக்கு ஆல்கஹால் ஒரு முக்கியமான கரைப்பான். வார்னிஷ், சாயம், மருந்து எல்லாத்துக்கும் வேணும். குடிக்கிற சாராயத்துக்குப் போட்ட வரியையே இதுக்கும் போட்டா தொழில் நடக்காது. வரியை எடுத்துட்டா தொழிற்சாலை பேர்ல வாங்கிக் குடிச்சிடுவாங்க. 1855ல் பிரிட்டன் ஒரு வழி கண்டுபிடிச்சது. பத்துல ஒரு பங்கு மர ஸ்பிரிட்டைக் கலந்துடு, வரி வேண்டாம். குடிக்க லாயக்கில்லாத ஸ்பிரிட். மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்ற பேரே அங்கிருந்துதான் வருது.

வரியைக் காப்பாத்த அடர்த்தியை அளந்தாங்க. அதே வரியைக் காப்பாத்த மெத்தனாலைக் கலந்தாங்க. ரெண்டும் ஒரே திரவத்துல சந்திச்சது.

9/
இப்ப அந்த அண்ணனோட கேள்விக்குப் பதில். இந்த எண்களைப் பாருங்க. 20 டிகிரி செல்சியஸ்ல ஒரு மில்லியோட எடை:

தண்ணி 0.998 கிராம்.
எத்தனால் 0.789 கிராம்.
மெத்தனால் 0.791 கிராம்.

எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் மூணாவது தசமத்துல ரெண்டுதான் வித்தியாசம். எத்தனாலோட சூடு ரெண்டு மூணு டிகிரி மாறினாலே அதோட அடர்த்தி இவ்வளவு மாறிடும். மிதக்கிற குழாய்க்கு ரெண்டும் ஒண்ணுதான்.

நிறம் ரெண்டுக்கும் இல்ல. வாசனையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ரெண்டும் தண்ணியோட எந்த விகிதத்துலயும் கலக்கும். குடிச்சா ரெண்டும் போதை தரும். பத்த வச்சா ரெண்டும் எரியும். நீல நெருப்பு வந்தா நல்ல சரக்குன்னு கிராமத்துல சொல்றதை நம்பாதீங்க. மெத்தனாலும் வெளிர் நீலமாத்தான் எரியும். ரெண்டும் கலந்திருந்தா நெருப்பைப் பார்த்து எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

பிளாக்டன், கில்பின் அட்டவணையில தப்பே இல்ல. ஆனா அந்த அட்டவணைக்கு அடியில ஒரு நம்பிக்கை இருக்கு. குப்பிக்குள்ள இருக்கிறது தண்ணியும் எத்தனாலும் மட்டும்தான், மூணாவது ஆள் இல்லைன்னு. "எவ்வளவு?"ன்னு கேட்டா அந்தக் குழாய் துல்லியமாப் பதில் சொல்லும். "என்ன?"ன்னு கேட்டா அதுக்குத் தெரியாது.

10/
சரி, வேற என்ன அளக்கலாம்?

டம்ளர் தண்ணிக்குள்ள விட்ட ஸ்ட்ரா ஒடிஞ்ச மாதிரி தெரியும்ல? ஒளி வளையுது. எவ்வளவு வளையுதுங்கிறது ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு எண். ஒளிவிலகல் எண். 1869ல் ஜெர்மனியில ஜெனா நகரத்துல எர்ன்ஸ்ட் ஆபே இதை அளக்க ஒரு கருவி செஞ்சார். ரெண்டு சொட்டு போதும், கண்ணை வச்சுப் படிச்சிடலாம்.

தண்ணி 1.333.
எத்தனால் 1.361.
மெத்தனால் 1.329.

பார்த்தீங்களா? எத்தனால் தண்ணிக்கு மேல. மெத்தனால் தண்ணிக்குக் கீழ. அடர்த்தியில ஒண்ணா நின்ன அண்ணன் தம்பி இங்க எதிரெதிர்ப் பக்கம் போயிட்டாங்க.

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலச் சுகாதார வாரியத்துல வேலை பார்த்த லீச், லித்கோ என்ற ரெண்டு வேதியியலாளர்கள் 1905ல் இதைச் சோதனை முறையாக்கினாங்க. முதல்ல அடர்த்தியை அளந்துக்கோ. இது வெறும் எத்தனாலும் தண்ணியும்னா ஒளிவிலகல் இவ்வளவு இருக்கணும்னு அட்டவணை சொல்லும். இப்ப ஒளிவிலகலை அளந்து பார். எண் குறையுதா? உள்ளே மெத்தனால் இருக்கு. எவ்வளவு குறையுதுங்கிறதை வச்சு எவ்வளவு மெத்தனால்னும் சொல்லலாம்.

புதுசா எந்த ரசாயனமும் இல்ல. ஏற்கெனவே தெரிஞ்ச ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சதுதான் கண்டுபிடிப்பு. ஒரு சாட்சி பொய் சொல்லலாம். ரெண்டு சாட்சியும் ஒரே மாதிரி பொய் சொல்றது கஷ்டம்.

11/
முறை இருந்தா மட்டும் உயிர் பிழைக்குமா?

அமெரிக்காவில் 1920ல் மதுவிலக்கு வந்தது. தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடி, மெத்தனாலை நீக்குறோம்னு சொல்லி அரைகுறையா வடிச்சு விற்க ஆரம்பிச்சாங்க. அரசாங்கம் என்ன பண்ணிச்சு? கலக்கிற விஷத்தை இன்னும் கூட்டிச்சு. 1926 கிறிஸ்துமஸ் சமயத்துல நியூயார்க் ஆஸ்பத்திரிகள்ல விஷச்சாராய நோயாளிகள் வந்து குவிஞ்சாங்க. நகரத்தோட தலைமைப் பிணக்கூறு மருத்துவர் சார்லஸ் நோரிஸ், அரசு ஊழியரா இருந்துக்கிட்டே, விஷம் கலக்கிற அரசாங்கத்துக்குத்தான் இந்தச் சாவுகளோட தார்மீகப் பொறுப்புன்னு வெளிப்படையாப் பேசினார். அவர்கிட்ட வேலை பார்த்த நச்சியலாளர் அலெக்சாண்டர் கெட்லர் திசுக்கள்ல மெத்தனாலைக் கண்டுபிடிக்கும் முறைகளை ஏற்கெனவே அலசி வச்சிருந்தார்.

இறந்தவங்க பெரும்பாலும் ஏழைங்க. காசு இருந்தவங்க நல்ல சரக்கு வாங்கிக்கிட்டாங்க. கருணாபுரத்துலயும் அதேதான். 2023ல் மரக்காணம், செங்கல்பட்டு பக்கம் இருபதுக்கும் மேல இறந்தப்போவும் அதேதான்.

1952ல் ஜேம்ஸ், மார்ட்டின் ரெண்டு பேரும் வாயு குரோமட்டோகிராஃபி முறையைக் கொண்டு வந்தாங்க. கலவையை ஆவியாக்கி நீளமான குழாய்க்குள்ள ஓடவிட்டா, ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்துல வெளிய வரும். இன்னைக்குத் தடயவியல் ஆய்வகத்துல மெத்தனால்னு உறுதி செய்றது இதை வச்சுத்தான். துல்லியமான முறை. ஆனா அந்த ரிப்போர்ட் வர்ற நேரத்துக்கு நோயாளி காத்திருக்க மாட்டார்.

12/
இப்ப வார்டுக்கு வருவோம்.

மெத்தனால் அதுவா பெரிய விஷம் இல்ல. நம்ம கல்லீரல் அதை உடைக்கும்போதுதான் ஆபத்து. முதல்ல ஃபார்மால்டிஹைடு, அப்புறம் ஃபார்மிக் அமிலம். இந்த அமிலம் ரத்தத்தைப் புளிக்க வைக்கும், கண் நரம்பைத் தாக்கும்.

இதுக்கு நேரம் ஆகும். பெரும்பாலும் 12லிருந்து 24 மணி நேரம். கூடவே நல்ல ஆல்கஹாலும் உள்ளே போயிருந்தா இன்னும் தள்ளிப் போகும். அதனால "நேத்து குடிச்சேன், ராத்திரி நல்லாத்தான் இருந்தேன், காலையில் வயித்து வலி, வாந்தி, கண்ணு மங்கலா இருக்கு"ன்னு வருவாங்க. ஹேங்ஓவர்னு வீட்டுலயே படுத்திருந்துட்டு மதியம் வர்றவங்களும் உண்டு. அந்த அரை நாள்தான் பார்வைக்கும் இருட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்.

ஒரு திரவம் என்னன்னு தெரியாம நோயாளி உடம்புக்குள்ள இருக்கு. பாட்டில் கையில இல்ல. ஆய்வக முடிவு வரல. இப்ப எதை அளக்கிறது?

ரத்தத்தோட உறைநிலையை.

13/
இங்க நம்ம பிளாக்டன் மறுபடியும் வர்றார். எனக்குப் படிக்கும்போது சிலிர்த்துடுச்சு.

சாராய அறிக்கைக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1788ல் அவர் இன்னொரு ஆராய்ச்சி வெளியிட்டார். தண்ணியில உப்பு மாதிரிப் பொருட்களைக் கரைச்சா எவ்வளவு குளிர்ல உறையும்? எவ்வளவு கரைக்கிறோமோ அதுக்கு ஏத்த விகிதத்துல உறைநிலை இறங்கும்னு காட்டினார். பிளாக்டன் விதி.

1880களில் பிரான்ஸ்ல ரவூல் இதை ஒரு படி மேல கொண்டு போனார். என்ன பொருள் கரைஞ்சிருக்குங்கிறதைவிட, எத்தனை துகள் கரைஞ்சிருக்குங்கிறதுதான் முக்கியம். ஜெர்மனியில பெக்மன் நூறுல ஒரு பங்கு டிகிரி படிக்கிற வெப்பமானி செஞ்சார். ஹங்கேரியில கோரான்யி என்ற மருத்துவர் 1890களில் நோயாளிகளோட ரத்தம், சிறுநீர் ரெண்டோட உறைநிலையையும் அளந்து சிறுநீரக நோயை ஆராய்ந்தார்.

இன்னைக்கு ஆய்வகத்துல இருக்கிற ஆஸ்மோமீட்டர் இந்தப் பரம்பரையோட பேரப்பிள்ளை. கொஞ்சூண்டு சீரத்தை உறைய வச்சு, எந்த வெப்பநிலையில உறையுதுன்னு பார்த்து, உள்ளே எவ்வளவு துகள் கரைஞ்சிருக்குன்னு சொல்லும்.

14/
எப்படி உதவும்? ஒரு கணக்கு போடுவோம்.

சோடியம் 140. அதை ரெண்டால பெருக்கினா 280.
சர்க்கரை 90. 18ஆல் வகுத்தா 5.
யூரியா 30. 6ஆல் வகுத்தா 5.
மொத்தம் 290. இது நாம கணக்கு போட்டு எதிர்பார்க்கிற எண்.

ஆஸ்மோமீட்டர்ல அளந்தா 350 காட்டுதுன்னு வைங்க. இடைவெளி 60. சாதாரணமா இது 10க்குள்ள இருக்கணும். அப்படின்னா கணக்குல வராத ஏதோ ஒரு சின்ன மூலக்கூறு ரத்தத்துல நிறைய மிதக்குது. உறைநிலையில இது எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? மைனஸ் 0.54 டிகிரிக்குப் பதிலா மைனஸ் 0.65. டிகிரியில பத்துல ஒரு பங்கு. ஒரு மனுஷனோட கண் அந்தப் பத்துல ஒரு பங்குல தொங்குது.

இதுலயும் பொறி இருக்கு. ஆவி அழுத்தத்தை வச்சு அளக்கிற இன்னொரு வகை ஆஸ்மோமீட்டர் இருக்கு. மெத்தனால் ஆவியாகிப் போயிடுறதால அதுல சரியாத் தெரியாது. உறைநிலை முறைதான் வேணும். எத்தனால் குடிச்சிருந்தாலும் இடைவெளி ஏறும். லேட்டா வந்தவங்களுக்கு மெத்தனால் எல்லாம் அமிலமா மாறி, இடைவெளி இறங்கி நார்மலா இருக்கும். ஆள் சாகக் கிடப்பார்.

அதனால நாங்க அந்த எண்ணை மட்டும் பார்க்கிறதில்ல. ரத்த வாயுப் பரிசோதனையில அமிலத்தன்மை, பைகார்பனேட், அனயன் இடைவெளி, கண் பரிசோதனை, எப்ப குடிச்சார், கூடக் குடிச்சவங்க எப்படி இருக்காங்க எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வைப்போம். லீச்சும் லித்கோவும் 1905ல் செஞ்ச அதே வேலை. ஆஸ்மோமீட்டர் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. அது இல்லைனாலும் மத்த சாட்சிகளை வச்சுச் சந்தேகம் வந்த உடனே வைத்தியம் ஆரம்பிக்கணும்.

15/
வைத்தியத்தோட அடிப்படையும் அண்ணன் தம்பி கதைதான். கல்லீரல்ல இருக்கிற நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் ரொம்பப் பிடிக்கும். எத்தனாலைக் கொடுத்து நொதியை அதுல மும்முரமாக்கிட்டா, மெத்தனால் அமிலமா மாறாது. ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியையே பூட்டிடும். கூடவே பைகார்பனேட், ஃபோலினிக் அமிலம், தேவைப்பட்டா டயாலிசிஸ்.

கவனம். இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டுல பிராந்தி ஊத்திக் கொடுத்து வைத்தியம் பண்ணாதீங்க. ரத்த அளவு பார்த்து, மணிக்கணக்குல கண்காணிச்சு ஆஸ்பத்திரியில செய்ய வேண்டிய வேலை அது.

நீங்க செய்ய வேண்டியது:

வீட்டுல, தெருவுல யாராவது குடிச்ச மறுநாள் வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கல், கண் மங்கல்னு சொன்னா 108ஐக் கூப்பிடுங்க.
கண்ணுக்கு முன்னாடி பனி விழுற மாதிரி இருக்குன்னு சொன்னா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க.
அவரோட சேர்ந்து குடிச்சவங்க நல்லா இருந்தாலும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்குத்தான் முழுசா காப்பாத்துற நேரம் இருக்கு.
போலீஸுக்குப் பயந்து "குடிக்கல"ன்னு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. எங்களுக்கு வேணும்கிறது என்ன குடிச்சீங்க, எப்ப குடிச்சீங்க, அவ்வளவுதான்.

16/
பிளாக்டன் 1820ல் இறந்தார். வாழ்நாள்ல ரெண்டு விஷயம் அளந்தார். சாராயத்தோட எடை. கரைசலோட உறைநிலை. முதலாவது அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது, அதனால சட்டமாச்சு, கருவியாச்சு, லேபிளாச்சு. ரெண்டாவது அப்ப யாருக்கும் அவசரமாத் தேவைப்படல. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்தது. காசை அளந்த அளவு முன்னாடி வந்தது. உயிரை அளந்த அளவு பின்னாடி வந்தது. இன்னைக்கும் கிராமத்து ஆஸ்பத்திரிக்கு அது வந்து சேரல.

இந்தக் கதையை இன்னொரு நைட் டியூட்டியில அந்த அண்ணன்கிட்டச் சொன்னேன். அமைதியாக் கேட்டுட்டுச் சொன்னார்.

"இது எங்க சொசைட்டி கதைதான் சார். பாலாடையை எடுத்தா பால் கனமாயிடும். அதுக்கு ஏத்த மாதிரி தண்ணி ஊத்தினா லாக்டோமீட்டர் பழைய இடத்துலயே நிக்கும். பார்க்கிறவனுக்கு நல்ல பால். அதனாலதான் கொழுப்பும் தனியாப் பார்ப்போம். ஒத்தைக் குழாயை நம்பி யாராவது காசு கொடுப்பானா?"

காசு விஷயத்துல யாரும் ஒரு எண்ணை மட்டும் நம்புறதில்ல. உயிர் விஷயத்துல மட்டும் ஏன் நெருப்போட நிறத்தையும் நாக்கோட ருசியையும் நம்பணும்?

பகிருங்க. குறிப்பா, ஊர்ல குடிக்கிற பழக்கம் இருக்கிறவங்க வீட்டுக்கு இந்த 15ஆவது பதிவு போய்ச் சேரணும்.